‘நீங்க எந்த சபைங்க?’: ஆத்தூரில் கேட்கும் ஒரு கேள்வியும் அதன் 400 ஆண்டு வரலாறும்

சேலம் மாவட்டம் ஆத்தூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் புதிதாக வாடகைக்குக் குடிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டில் இருப்பவரும் கிறிஸ்தவர். சொந்த ஊர் எது, வேலை எங்கே என்று விசாரித்த பிறகு, அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “நீங்க ஆர்.சி.ங்களா, சி.எஸ்.ஐ.ங்களா, இல்ல பெந்தெகொஸ்தேங்களா?”

கேட்பவர் மனதில் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால், பதிலைப் பொறுத்துச் சில விஷயங்கள் அந்த இடத்திலேயே முடிவாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரே கோயிலுக்குப் போக முடியுமா, பிள்ளைகளுக்குள் சம்பந்தம் பேச முடியுமா, கடைசியில் ஒரே கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்குமா என்பதெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லோரும் ‘வேதக்காரங்க’தான். உள்ளே இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. இந்தப் பிரிவுகள் எப்படி வந்தன? பிரிவுகளைத் தாண்டி நட்பு சாத்தியமா? இதற்கான ஒரு முக்கியமான பதில் சேலத்தில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை உலகம் முழுக்க ‘கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம்’ கடைப்பிடிக்கப்படுகிறது. கத்தோலிக்கர்களும் மற்ற சபையினரும் ஒருவர் ஆலயத்துக்கு மற்றவர் போய், சேர்ந்து ஜெபிக்கும் வாரம் இது.

2025-ல் இது தலைப்புச் செய்தியாகவும் ஆனது. அக்டோபர் 23-ம் தேதி, இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவரான மன்னர் மூன்றாம் சார்லஸும் போப் பதினான்காம் லியோவும் வாடிகனின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் சேர்ந்து ஜெபித்தார்கள். 16-ம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி ரோமை விட்டுப் பிரிந்த பிறகு, ஒரு மன்னரும் ஒரு போப்பும் இப்படிப் பொது வழிபாட்டில் கலந்துகொண்டது அதுவே முதல் முறை. அடுத்த மாதம் துருக்கியின் இஸ்னிக் நகரில், கி.பி. 325-ல் நடந்த நிசேயா சங்கத்தின் 1,700-வது ஆண்டை நினைவுகூர போப்பும் கீழைத் திருச்சபையின் முதுபெரும் தந்தை பர்த்தலமேயுவும் ஒன்றாக நின்றார்கள்.

மேலே இருப்பவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள், சரி. ஆத்தூர் வசிஷ்ட நதிக் கரையில் இருப்பவர்களுக்கு இதனால் என்ன? அதைத் தெரிந்துகொள்ள, பிரிவுகள் இந்த ஊருக்கு எப்படி வந்தன என்று முதலில் பார்க்க வேண்டும்.

கொள்கை பிரித்ததா, தாலுகா பிரித்ததா?

சேலம், நாமக்கல் சமவெளிக்குக் கிறிஸ்தவம் ஒரே வழியில் வரவில்லை.

முதலில் வந்தது கத்தோலிக்கம். ‘தத்துவ போதகர்’ என்று அறியப்பட்ட இயேசு சபைத் துறவி ராபர்ட் டி நொபிலி, 1623-ல் மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்கு வந்தார். இன்றைய சேலம் மறைமாவட்டம் 1930-ல் உருவானது.

இரண்டாவது வழி, லண்டன் மிஷன். 1827-ல் ஹென்றி கிறிஸ்ப் சேலத்தில் இந்தப் பணியைத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்தவர்களில் ஜான் மைக்கேல் லெக்லரின் பெயர் சேலம் கிறிஸ்தவர்களிடையே இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பிஷப் என்ற பதவியே இல்லாமல், சபையார் கூடி முடிவெடுக்கும் முறையைச் சேர்ந்தவர்கள் இவர்கள்.

மூன்றாவது, நாமக்கல், சேந்தமங்கலம், கொல்லிமலைப் பக்கம் வேலை செய்த ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன். நான்காவது, கிழக்கே கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் திசையில் பரவிய டேனிஷ் லுத்தரன் மிஷன். இதுவே பின்னாளில் ஆற்காடு லுத்தரன் திருச்சபை ஆனது.

புராட்டஸ்டண்ட் மிஷன்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தன. ஒரு மிஷன் வேலை செய்யும் பகுதியில் இன்னொரு மிஷன் நுழையக் கூடாது என்பதே அது. நிலத்தைப் பாகம் பிரித்தது போலத் தாலுகா தாலுகாவாகப் பிரித்துக்கொண்டார்கள்.

இதன் விளைவு விசித்திரமானது. ஐரோப்பாவில் ஒருவர் லுத்தரன் ஆனதற்கும் பாப்டிஸ்ட் ஆனதற்கும் பின்னால் கொள்கைச் சண்டையும் ரத்தம் சிந்திய வரலாறும் உண்டு. இங்கே அப்படி இல்லை. தாத்தா எந்தத் தாலுகாவில் இருந்தாரோ, அந்தத் தாலுகா எந்த மிஷன் பங்கில் விழுந்ததோ, அதுதான் பேரனின் ‘சபை’.

மேற்கே லண்டன் மிஷன், கிழக்கே லுத்தரன், தெற்கே மலையடிவாரத்தில் பாப்டிஸ்ட், எங்கும் பரவலாகக் கத்தோலிக்கர். இவர்களுக்கு நடுவில்தான் ஆத்தூர் இருக்கிறது. பஸ்ஸும் ரயிலும் சேகோ ஆலை வேலையும் கல்யாணமும் இந்த எல்லைகளை எப்போதோ கலைத்துவிட்டன. ஆனால், பெயர்ப் பலகைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

ஒரே வேதம், இரண்டு தமிழ்

பிரிவு வழிபாட்டோடு நிற்கவில்லை. பேசும் தமிழையே இரண்டாக்கிவிட்டது.

கத்தோலிக்கர் ‘திருப்பலி’ என்பார்கள். வயதானவர்கள் இன்னும் ‘பூசை’ என்பார்கள். சி.எஸ்.ஐ.யில் அது ‘ஆராதனை’. ஒருவருக்கு ‘நற்கருணை’, இன்னொருவருக்கு ‘திருவிருந்து’ அல்லது ‘ராப்போஜனம்’. ஒருவருக்கு ‘திருமுழுக்கு’, மற்றவருக்கு ‘ஞானஸ்நானம்’. அங்கே ‘ஃபாதர்’, ‘சாமி’. இங்கே ‘ஐயர்’, ‘பாஸ்டர்’. கடவுளுக்கே பெயர் மாறியது. பழைய கத்தோலிக்க நூல்களில் ‘சர்வேசுரன்’, லுத்தரன் அறிஞர் ஃபெப்ரிஷியஸ் மொழிபெயர்ப்பில் ‘பராபரன்’, 1871-ல் வந்த பவர் மொழிபெயர்ப்பில் ‘தேவன்’.

இயேசுவின் சீடர்களுக்கும் இதே கதிதான். கத்தோலிக்கரின் இராயப்பர், மற்றவர்களுக்குப் பேதுரு. சின்னப்பர் என்றால் பவுல். அருளப்பர் என்றால் யோவான். ஒரே தெருவில் வளரும் இரண்டு பிள்ளைகள் ஒரே கதையைப் படித்துவிட்டு, “நீ சொல்றவர் யாரு?” என்று கேட்டுக்கொள்ளும் நிலைமை இருந்தது.

சண்டையும் தமிழிலேயே நடந்தது. 18-ம் நூற்றாண்டில், தரங்கம்பாடி லுத்தரன்களுக்கு எதிராக வீரமாமுனிவர் ‘லூத்தரினத்தியல்பு’, ‘பேதகம் மறுத்தல்’ என்று தனி நூல்களே எழுதினார். ‘தேம்பாவணி’ எழுதிய அதே கைதான்.

அதே தரங்கம்பாடியில் நட்புக்கும் ஓர் உதாரணம் உண்டு. 1706-ல் அங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு ஜெர்மன் லுத்தரன். அவரை அனுப்பியவர் டென்மார்க் மன்னர். அவர் தமிழில் புத்தகம் அச்சிட அச்சு இயந்திரம் அனுப்பி உதவியதோ, லண்டனில் இருந்த ஓர் ஆங்கிலிக்கன் சங்கம். மூன்று நாடும் இரண்டு சபையும் சேர்ந்துதான் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் ஏற்றின.

சேலத்துப் பால், திருநெல்வேலி அசரியா

இனி, முதலில் சொன்ன அந்தச் சேலத்துக்காரரிடம் வருவோம்.

கனகராயன் திருச்செல்வம் பால், சுருக்கமாக கே.டி.பால். 1876-ல் சேலத்தில் பிறந்தவர். பின்னாளில் ஒய்.எம்.சி.ஏ.வின் அகில இந்தியப் பொதுச் செயலாளர் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். 1930-ல் தொடங்கிய லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கும் போனவர். பிஷப் இல்லாத சபை மரபு அவருடையது.

வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874-ல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். ஆங்கிலிக்கன், அதாவது பிஷப்பை மையமாகக் கொண்ட சபை.

இருவரும் ஒரே கோயிலில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள் அல்ல. இப்படி வெவ்வேறு சபை இளைஞர்கள் ஒன்றாகப் பேச, விளையாட, பயணம் போக அன்று இடம் கொடுத்தது ஒய்.எம்.சி.ஏ. போன்ற பொது அமைப்புகள்தான். 1905 டிசம்பர் 25 அன்று வங்காளத்தின் செராம்பூரில் ‘தேசிய மிஷனரி சங்கம்’ தொடங்கியபோது, அதை உருவாக்கியவர்களில் இருவரும் இருந்தார்கள். ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பது அதன் விதி. எந்த ஒரு சபைக்கும் அது சொந்தமில்லை. தொடக்கத்தில் அசரியா அதன் பொதுச் செயலாளராக இருந்தார். அவர் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஊழியம் செய்யப் புறப்பட்டபோது, அந்தப் பொறுப்பைத் தோளில் வாங்கிக்கொண்டவர் கே.டி.பால்.

ஓர் ஆங்கிலிக்கன் விட்டுச் சென்ற நாற்காலியில், பிஷப்பையே ஏற்காத மரபைச் சேர்ந்த ஒருவர் உட்கார்ந்தார். யாரும் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தம் போட்டு வந்த ஏற்பாடு அல்ல இது. சேர்ந்து வேலை செய்ததில் வந்த நம்பிக்கை.

1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. அங்கே 35 வயது அசரியா பேசியது பலருக்கு எரிச்சலூட்டியது. இந்தியாவுக்காக மிஷனரிகள் செய்த தியாகங்களை அவர் குறைத்துப் பேசவில்லை. ஆனால், இந்திய ஊழியர்களை அவர்கள் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அழைப்பதில்லையே என்று வெளிப்படையாகக் கேட்டார். உங்கள் பணமும் உழைப்பும் போதும், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்பதே அவர் பேச்சின் சாரம்.

இரண்டே ஆண்டுகளில், 1912 டிசம்பரில், அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார்.

28 ஆண்டுகள் எதில் சிக்கியது?

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இரண்டு பேரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். ஒரு பக்கம் ஆங்கிலிக்கன்கள். மறுபக்கம், லண்டன் மிஷன் சபைகளும் பிரஸ்பிட்டேரியன்களும் சேர்ந்து 1908-ல் உருவாக்கிய தென்னிந்திய ஐக்கிய சபையார். சேலம் வட்டாரத்து லண்டன் மிஷன் சபைகள் இந்த இரண்டாவது அணியில் இருந்தன.

அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் சாரம் எளிமையானது. இந்தப் பிரிவுகளை நாம் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து நம் மேல் வந்து விழுந்தன. இவற்றைச் சுமந்துகொண்டே போக வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

பேச்சு தொடங்கியது 1919. தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்தது 1947 செப்டம்பர் 27. நாடு விடுதலை அடைந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. இடையில் மெத்தடிஸ்ட் சபையும் பேச்சில் சேர்ந்தது. ஆனாலும் 28 ஆண்டுகள்!

எதில் சிக்கியது? சிம்பிளாகச் சொன்னால், ‘யார் கை வைத்தது?’ என்ற கேள்வியில். பிஷப் தலையில் கை வைத்து ஜெபித்தால்தான் ஒருவர் முறையான குருவானவர் என்பது ஆங்கிலிக்கன் நிலைப்பாடு. “அப்போ நாங்க இத்தனை வருஷமா கொடுத்த திருவிருந்து செல்லாதா?” என்பது மற்றவர்களின் கேள்வி.

கடைசியில் ஒரு நடுவழி கண்டார்கள். புதிய திருச்சபையில் பிஷப்புகள் இருப்பார்கள். இனிமேல் அபிஷேகம் செய்வது அவர்கள்தான். ஏற்கெனவே குருவானவர்களாக இருப்பவர்களை யாரும் மறுபடி அபிஷேகம் செய்யச் சொல்லமாட்டார்கள். அவரவர் ஊழியத்தை அப்படியே ஏற்றுக்கொள்வார்கள். பிஷப் உள்ள சபையும் இல்லாத சபையும் இப்படி ஒன்றானது, ஐரோப்பியச் சீர்திருத்தத்துக்குப் பிறகு உலகிலேயே முதல் முறை.

அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1 அன்று காலமானார். கே.டி.பால் 1931-லேயே போய்விட்டார். நட்பை விதைத்த இரண்டு பேரும் அறுவடைக்கு இல்லை.

வெளியே நின்றவர்கள்

சி.எஸ்.ஐ. வந்ததும் எல்லாம் ஒன்றாகிவிடவில்லை. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் தனியாகவே தொடர்கின்றன. பாப்டிஸ்ட் சபைகள் சேரவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை அந்தப் பேச்சிலேயே இல்லை.

கத்தோலிக்கர் பக்கம் கதவு திறந்தது இரண்டாம் வாடிகன் சங்கத்தில். அதற்கு முன்பு, 1917-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, மற்ற சபைகளின் வழிபாட்டில் கத்தோலிக்கர் பங்கெடுக்கத் தடை இருந்தது. கல்யாணம், சாவு போன்றவற்றுக்குத் தவிர்க்க முடியாமல் போனாலும், சும்மா உட்கார்ந்திருக்கத்தான் அனுமதி. வயதானவர்கள் சிலர் இன்றும் “அந்தக் கோயிலுக்குள்ள” கால் வைக்கத் தயங்குவது அந்தப் பழைய பயத்தின் மிச்சம்தான்.

1964 நவம்பர் 21 அன்று சங்கம் வெளியிட்ட ஆவணம், மற்ற சபையாரைப் ‘பிரிந்த சகோதரர்கள்’ என்று மதித்துப் பேசியது. சேர்ந்து ஜெபிப்பதை ஊக்குவித்தது. 1999 அக்டோபர் 31 அன்று, எந்தக் கேள்வியில் மார்ட்டின் லூதர் பிரிந்தாரோ அந்தக் கேள்வியிலேயே, லுத்தரன்களும் கத்தோலிக்கரும் பொது அறிக்கையில் கையெழுத்திட்டார்கள்.

தமிழ்நாட்டில் இதன் பெரிய பலன், 1995-ல் வெளிவந்த ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பு. திண்டிவனத்தில் இயங்கும் கத்தோலிக்க மையமும் இந்திய வேதாகமச் சங்கமும் சேர்ந்து கொண்டுவந்தது. இதற்காகக் கத்தோலிக்கர் இராயப்பரையும் சின்னப்பரையும் விட்டுவிட்டுப் பேதுருவையும் பவுலையும் ஏற்றார்கள். மற்ற சபை அறிஞர்கள் ‘தேவன்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்காமல் ‘கடவுள்’ என்பதற்குச் சம்மதித்தார்கள். கத்தோலிக்க ஆலயங்களில் இன்று வாசிக்கப்படுவது இதுதான். மற்ற சபைகளில் பெரும்பாலோர் இன்னும் பழைய பவர் மொழிபெயர்ப்பை விடவில்லை. பாதி வழியாவது வந்திருக்கிறோம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மலையிலிருந்து வேலூருக்கு

நட்புக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: கொள்கையைப் பற்றிப் பேசாமல், கண் முன்னால் இருக்கும் வேலையைச் சேர்ந்து செய்வது. இதற்கும் உதாரணம் பக்கத்திலேயே உண்டு.

கொல்லிமலையில் பாப்டிஸ்ட் மிஷனரிகளாக வேலை செய்தவர்கள் ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் தம்பதி. 1929-ல் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். எவ்லின் மலையை விடவில்லை. ஓய்வு வயது வந்து மிஷன் விடைகொடுத்த பிறகும், கொல்லிமலையோடு ஆத்தூரை ஒட்டிய கல்வராயன் மலை, பச்சைமலை என்று ஏறி இறங்கினார். 1974-ல், 95 வயதில் இறந்தார்.

அவர்களின் மகன் பால் பிராண்ட் கொல்லிமலையில் வளர்ந்தவர். மருத்துவராகி 1946-ல் வந்து சேர்ந்த இடம், வேலூர் சி.எம்.சி. அதை நிறுவிய ஐடா ஸ்கடர் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். பல நாடுகளின் பல சபைகள் பணமும் ஆளும் கொடுத்து வளர்த்த பொது நிறுவனம் அது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை மூலம் மறுபடி இயங்க வைக்கும் முறையைப் பிராண்ட் அங்கேதான் வளர்த்தெடுத்தார்.

ஞானஸ்நானம், திருவிருந்து பற்றியெல்லாம் கறாரான கொள்கை கொண்ட சபையில் பிறந்தவர், அதில் வேறு கருத்துள்ளவர்களோடு ஒரே அறுவை அரங்கில் நின்றார். நோயாளியின் கை அவர்களை ஒன்றாக நிறுத்தியது.

இன்று எங்கே இடிக்கிறது?

நான்கு இடங்களில் இடிக்கிறது. நட்பாகப் பழகும் குடும்பங்களும் இங்கே வந்தால் தடுமாறுகின்றன.

ஞானஸ்நானம்: தண்ணீராலும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற பெயராலும் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆகியோர் ஒருவருக்கொருவர் ஏற்கிறார்கள். சபை மாறினாலும் மறுபடி கொடுப்பதில்லை. பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகளோ குழந்தைக்குக் கொடுத்ததை ஏற்பதில்லை. விவரம் தெரிந்த வயதில், முழுக்கு முறையில் எடுக்க வேண்டும் என்பார்கள். மகன் தண்ணீரில் இறங்கும் நாளில், “அப்போ நாங்க உனக்குச் செஞ்சது ஒண்ணுமே இல்லையா?” என்று தாய் கலங்குவது இதனால்தான்.

திருவிருந்து: சி.எஸ்.ஐ. போன்ற சபைகள் மற்ற சபைகளின் முழு உறுப்பினர்களைப் பொதுவாக அனுமதிக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபை, மரணத் தறுவாய் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, மற்றவர்களுக்கு நற்கருணை கொடுப்பதில்லை. மற்ற இடங்களில் வாங்கக் கத்தோலிக்கரை அனுமதிப்பதும் இல்லை.

கல்யாணம்: 1872-ம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் மணமக்களின் சபையைப் பார்த்துத் தடை போடுவதில்லை. திருமணத்தை நடத்துபவருக்கு அதற்கான தகுதியோ உரிமமோ இருக்க வேண்டும். தனிச் சபைகளில் மணம் முடிப்பவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கத்தோலிக்கர் வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவரை மணக்க ஆயரின் அனுமதி வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் முடிந்ததைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு வாக்கும் கொடுக்க வேண்டும். பல சம்பந்தங்கள் நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

கல்லறை: பழைய சபைகளுக்குச் சொந்தக் கல்லறைத் தோட்டம் இருக்கும். வாடகைக் கட்டடத்தில் நடக்கும் புதிய சபைகளுக்குப் பெரும்பாலும் இருக்காது. ஆராதனைக்கு இடம் மாறியவர், இறந்த பிறகு பழைய சபையின் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும். இறந்தவரின் சபைக் குருவானவர் கிடைக்காதபோது, மறைமாவட்ட அனுமதியோடு கத்தோலிக்க முறையில் அடக்கச் சடங்கு நடத்த 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

அடக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சத்தீஸ்கரில் நடந்த ஒரு வழக்கு காட்டியது. ஒரு போதகரின் உடலைச் சொந்த ஊரில் புதைக்க எதிர்ப்பு எழுந்து, கிட்டத்தட்ட மூன்று வாரம் உடல் பிணவறையில் கிடந்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள். கடைசியில் வேறோர் ஊரில் கிறிஸ்தவர்களுக்கென ஒதுக்கிய இடத்தில் புதைக்க உத்தரவானது. ஆறடி நிலத்துக்கு மனிதர்கள் அல்லாட வேண்டியிருக்கும் காலத்தில், இடம் வைத்திருக்கும் சபை இல்லாத சபைக்குக் கதவு திறக்கிறதா என்பது சின்னக் கேள்வி இல்லை.

‘ஆடு திருடுறாங்க’

பழைய சபைகளுக்கும் பெந்தெகொஸ்தே சபைகளுக்கும் இடையிலான மனக்கசப்பு, இன்றைய தேதிக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கூர்மையானது. “எங்க ஆட்டைத் திருடுறாங்க” என்பது பழைய சபைகளின் புகார். “நீங்க மேய்ச்சிருந்தா அது ஏன் இங்க வருது?” என்பது எதிர்த்தரப்பின் பதில்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. நோய், கடன், குடிகாரக் கணவன் என்று ஒரு பெண் அழுதுகொண்டிருக்கும்போது, வீட்டுக்கே வந்து உட்கார்ந்து ஜெபிப்பவர் யாரோ அவர் பின்னால்தான் அவர் போவார். அதே சமயம், தாய்ச் சபையில் இருக்கும் உறவினர்கள் எல்லோரும் ரட்சிக்கப்படாதவர்கள் என்று மேடையில் சொன்னால், உடைவது சபை மட்டுமல்ல, குடும்பமும்தான்.

சபையா, சாதியா?

இங்கே ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்களைப் பிரிக்கும் ஆழமான கோடு, பல நேரங்களில் சபைக் கோடே அல்ல. ஒரே சாதி என்றால் ஆர்.சி.யும் சி.எஸ்.ஐ.யும் சம்பந்தி ஆகிவிடுவார்கள். ஒரே சபை, வேறு சாதி என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஆத்தூரிலிருந்து உளுந்தூர்பேட்டை நோக்கிப் போனால், அந்தப் பக்கம்தான் எறையூர். கத்தோலிக்கர் நிறைந்த ஊர். அங்கே பாகுபாடு காட்டப்படுவதாகச் சொல்லித் தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும், வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் இடையே 2008 மார்ச்சில் மோதல் வெடித்தது. தலித்துகளின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். எல்லோரும் ஒரே சபை, ஒரே நற்கருணை.

அசரியா 1910-ல் கேட்டது சாப்பாட்டு மேசையைப் பற்றி. வெள்ளைக்காரர்களைப் பார்த்து அவர் கேட்ட அந்தக் கேள்வியைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்களைப் பார்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை எறையூர் காட்டியது. சபைகளுக்கு இடையிலான நட்பு பற்றிப் பேசும் யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

ஆபத்தில் மட்டும் ஒற்றுமையா?

2002 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தபோது, கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே எல்லோரும் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு, அந்தச் சட்டம் திரும்பப் பெறப்படும் என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். ஆபத்து விலகியது, மேடையும் கலைந்தது.

எதிரி இருக்கும்வரை சேர்ந்திருப்பது கூட்டணி. நட்பு அதிலிருந்து வேறானது. சட்டதிட்டம் எழுதிச் சேர்வது இணைப்பு. அதுவும் நட்பு இல்லாமல் நிற்காது. பல சபைகளைச் சேர்த்து உருவான சி.எஸ்.ஐ.யின் உள்தேர்தல் தகராறுகள் நீதிமன்றப் படியேறிய செய்திகளை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

வரலாறு காட்டும் வரிசை இது. 1905-ல் பாலும் அசரியாவும் சேர்ந்து வேலை செய்தார்கள். 1919-ல் தரங்கம்பாடி அறிக்கை வந்தது. 1947-ல் திருச்சபை ஒன்றானது. நட்பு முதலில் வந்தது, காகிதம் பிறகு வந்தது. இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பார்த்த இடங்களில் காகிதம் மட்டுமே மிஞ்சியது.

அப்படியானால், ஆத்தூர் போன்ற ஊரில் என்ன செய்யலாம்? ரோம் முடிவு செய்ய வேண்டியதை இங்கே யாரும் முடிவு செய்ய முடியாது. நற்கருணை விதியை மாற்றும் அதிகாரம் பங்குச் சாமியாருக்குக் கிடையாது. ஆனால், இங்கேயே முடிவு செய்யக்கூடியவை சில இருக்கின்றன. கல்லறைத் தோட்டம் இல்லாத சிறு சபைகளுக்கு இடம் தருவதா என்பதை ஊரில் உள்ள சபைப் பெரியவர்கள் துக்கம் நடக்கும் வீட்டு வாசலில் நின்று பேசாமல், முன்கூட்டியே உட்கார்ந்து பேசலாம். சபை கடந்த கல்யாணம் பேசும் குடும்பங்களை இரண்டு பக்கத்துக் குருவானவர்களும் சேர்ந்தே சந்திக்கலாம். ஜனவரி ஒன்றிப்பு வாரத்துக்குப் பெந்தெகொஸ்தே போதகரையும் அழைக்கலாம். அவர் வராமல் போகலாம். அடுத்த ஆண்டும் அழைக்கலாம்.

“நீங்க எந்த சபைங்க?” என்ற கேள்வியில் தப்பில்லை. தாத்தாவின் தாலுகா எது என்று கேட்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பதிலைக் கேட்ட பிறகு, “சரிங்க, ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சதும் மத்தியானம் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வந்துடுங்க” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறாரா என்பதுதான் விஷயம். அசரியா எடின்பரோவில் கேட்டதும் அதைத்தான்.